அடுத்த கப்பலில் வருகிறவர்

இரண்டு வருடமாக என் கணவர் அடுத்த மாதம் வருகிறார். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அதைத்தான் சொல்கிறார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அதை நம்புகிறேன். லண்டனில், இந்த மோர்டன் பக்கத்தில், என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் நவரத்தினம் ஹொலன்டில் வேலையை முடித்துக்கொண்டு வரப்போகிறார் என்பார்கள். அவர்களுக்குச் சொன்னது நான்தான். கோயிலில் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் சொல்லியிருக்கிறேன், பக்கத்து வீட்டு லலிதாவுக்கு வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறேன்.

லண்டனுக்கு வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதும் நான்தான். அதில் மறைக்க என்ன இருக்கிறது? பதினாறு வருடம் நாங்கள் ஹொலன்டில், லெய்டன் நகரத்தில் இருந்தோம். எங்கள் ஒரே பிள்ளை கோசிகா அங்கேதான் பிறந்தாள். அவளுக்குப் பதினைந்து வயதாயிருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கதை சொன்னாள். தன் வகுப்புச் சிநேகிதியின் போய்பிரெண்ட் சனிக்கிழமைகளில் அவள் வீட்டிலேயே படுப்பானாம். காலையில் அவளுடைய தாய் இரண்டு பேருக்கும் முட்டை அவித்துக் கொடுப்பாளாம். இன்றைக்கு வெளியே மழை என்று சொல்லும் குரலில் சொன்னாள். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. என் கணவர் "அப்பிடியோ" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். முட்டையும் அவித்துக் கொடுக்கிறாளாமே! அதற்கு ஒரு "அப்பிடியோ" போதுமா?

அடுத்த கோடைக்குள் பெட்டி கட்டியாயிற்று. ஆங்கிலப் படிப்பு, கோயில், நாலு தமிழ்ச் சனம், பிள்ளை கெட்டுப்போகாமல் வளர ஓர் இடம். இவ்வளவுதான் நான் கேட்டது. "நீர் பிள்ளையோட முதல்ல போம். நான் இஞ்ச வேலையில சொல்லி, எல்லாத்தையும் ஒதுக்கிப்போட்டு ஆறு மாதத்தில வாறன்" என்றார் அவர். லெய்டனுக்கு வெளியே, டியூலிப் பூக்கிழங்குகள் வளர்க்கும் ஒரு பண்ணையில் அவருக்கு வேலை. இருந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு எதற்குப் பெரிய வீடு?

கோசிகாவுக்கு லண்டன் ஒட்டவே இல்லை. கல்லூரிக்குப் போவாள், வருவாள், தன் அறைக்கதவைச் சாத்துவாள். இந்த 2006ஆம் ஆண்டு பிறந்த அன்றைக்கு, பால்சோறு வைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "ஏப்ரலில எனக்குப் பதினெட்டு அம்மா. அதுக்குப் பிறகு நான் அப்பாட்டப் போறன்" என்றாள். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அவள் அமைதியாகச் சொன்னதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவள் போய்விட்டால் நான் யாருக்காக இந்த ஊருக்கு வந்தேன்? யாரை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருப்பேன்?

மார்ச் மாதத்தில் ஒருநாள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து வந்தபோது, அதிசயமாகக் குசினி மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு இருந்தாள். சரித்திரப் பாடத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டுமாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறியவர்களுக்கு ஒரே அரசன், ஒரே பாஷை. அப்படியிருக்க, வடக்கே ஒரு விதமான சமூகமும் தெற்கே இன்னொரு விதமான சமூகமும் எப்படி உண்டாயின என்பதுதான் கேள்வி. எனக்குச் சரித்திரத்தில் என்ன அக்கறை? ஆனால் பிள்ளை என்னோடு கதைக்கிறாள். அதற்காக நான் தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்துவிட்டேன்.

"வடக்க முதல்ல போன ஆக்கள் எங்கயிருந்து வெளிக்கிட்டவை தெரியுமோ அம்மா? லெய்டன்."

"எங்கட லெய்டனோ?"

"எங்கட லெய்டன்தான். நீங்கள் சந்தைக்குப் போற வழியில இருக்குமே பெரிய பழைய தேவாலயம், அதுக்குப் பக்கத்திலதான் இருந்தவை. இங்கிலாந்தில தங்கட விருப்பத்துக்குச் சாமி கும்பிட விடேல்லையெண்டு ஹொலன்டுக்கு ஓடிப்போனவை. பன்னிரண்டு வருசமா நெசவு அது இதெண்டு கஷ்டப்பட்டு வேலை செய்திருக்கினம். பிறகு பிள்ளையள் டச்சுக்காரராப் போகுதுகள், சொல்லுக் கேக்குதுகளில்லையெண்டு பயந்து அங்கயிருந்தும் வெளிக்கிட்டிட்டினம்."

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "பாத்தியோ! நானூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரிக்கே வந்த பயமெல்லோ எனக்கு வந்தது. நீயும் கொப்பரும் என்னை விசரி எண்டியள்!"

கோசிகா சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டேன், அவளும் சொல்லிக்கொண்டே போனாள். வடக்கே போனவர்கள் குடும்பமாகப் போனார்கள். மண் கல்லு மண், குளிர். வீட்டு ஆட்களே செய்யக்கூடிய சின்னத் தோட்டங்கள். கோயிலைச் சுற்றி வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், பேரப்பிள்ளை காணும் வயதுவரை உயிரோடு இருந்தார்கள். தெற்கே வர்ஜீனியாவுக்குப் போனவர்களில் முக்கால்வாசி தனி ஆண்கள். புகையிலை நட்டுப் பணம் பண்ணப் போனவர்கள். புகையிலை மண்ணை உறிஞ்சிவிடும், அதனால் பரந்து பரந்து போனார்கள். ஊர் என்று ஒன்று கூடவில்லை. கலியாணம் கட்டப் பெண்கள் இல்லை. காய்ச்சலில் பாதிப்பேர் இளவயதிலேயே செத்தார்கள்.

"ஆர் வந்தது, ஆரோட வந்தது, வந்து என்னத்தை நட்டது. இது மூண்டுந்தான் அம்மா. இதைப் பாத்தாப் பிறகு அது எப்பிடிப்பட்ட இடமா வருமெண்டு சொல்லலாம்" என்றாள்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. "அப்ப மோர்டன்தான் வடக்கு. குடும்பம், கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம். உன்ர ஞானம் மாமா இருக்கிற ஸ்ட்ரெதம் வர்ஜீனியா. அவற்ர வீட்டைப் பார், முழுக்க ஆம்பிளையள்." பக்கத்து வீட்டு லலிதாவையும் நான் விடவில்லை. அவளும் அவள் கணவர் பாஸ்கரனும் தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர்மார். யாரும் துரத்தி வந்தவர்களில்லை, எல்லாரோடும் சமாதானம். அப்படியும் ஒரு இடம் இருந்ததா என்று கேட்டேன். பென்சில்வேனியா என்றாள், சண்டையே கூடாது என்கிற ஒரு கூட்டத்தார் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த இடமாம். தெற்கே புகையிலைக்கும் நெல்லுக்கும் ஆப்பிரிக்கரைப் பிடித்துவந்து அடிமையாக்கியதைச் சொன்னபோது நான் அதற்கும் ஸ்ட்ரெதமில் ஆட்களைக் கசக்கி வேலை வாங்கும் ஒரு கடைக்காரரைக் காட்டப் பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "எல்லாத்தையும் எங்களோட பொருத்தாதேங்கோ அம்மா. அங்க மனிசரை வித்து வாங்கினவை" என்றாள்.

"லெய்டன் ஆக்கள் எல்லாரும் போனவையோ?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"இல்லை. கனபேர் நிண்டிட்டினம். அவையின்ர பாதிரியார் கூட, நீங்கள் முதல்ல போங்கோ, பிறகு வாறன் எண்டு நிண்டவர்."

"பிறகு வந்தவர்தானே?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். போனவர்களில் அரைவாசிப்பேர் முதல் பனிக்காலத்திலேயே செத்துப்போனார்கள் என்று மட்டும் சொன்னாள். வசந்தம் வந்ததும் அவர்களைக் கொண்டுவந்த கப்பல் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போனதாம். மிஞ்சியிருந்தவர்களில் ஒருவர்கூட அதில் ஏறவில்லையாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டியோ? செத்தும் திரும்பிப் போகேல்லை. அதுதான் மனிசர்!" என்றேன். கோசிகா புத்தகத்தை மூடிவிட்டு மேலே போனாள்.

மூன்றாம் நாள் அவள் விக்டோரியாவிலிருந்து ஹொலன்டுக்குப் போகும் கோச் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள் என்று தெரியவந்தது. பிறந்தநாளுக்கு மூன்றாம் நாள் பயணம். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நான் கத்தினேன், அழுதேன், மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கட்டுரையை மட்டும் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாளாம். தொடங்கியதை முடிக்க வேண்டுமாம்.

ஸ்ட்ரெதமுக்கு ஓடினேன், என் அண்ணை ஞானேஸ்வரனிடம். மாமன் சொன்னால் கேட்பாளோ என்று ஒரு நப்பாசை. அண்ணை எண்பத்தொன்பதில் தனியாக லண்டனுக்கு வந்தவர், பெற்றோல் செட்டில் வேலை. ஒரு வீட்டில் நாலு ஆண்கள். இப்போது மூன்று பேர். செபமாலைமுத்து என்கிற மனுசன் தைமாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார், ஐம்பதுகூட ஆகவில்லை. அவருடைய கட்டில் மடிக்காத போர்வையோடு அப்படியே கிடந்தது. அவருடைய பனிக்கோட்டை அண்ணை போட்டிருந்தார். நான் விளையாட்டாகச் சொன்ன வர்ஜீனியா என் முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்தது.

"நான் என்ன சொல்லி அவளை மறிக்கிறது தங்கச்சி?" என்றார் அண்ணை. "குடும்பமா ஒண்டா இருக்கவேணுமெண்டு சொல்லட்டோ? நான் அதைச் சொன்னா ஆர் கேப்பினம்?"

அண்ணைக்கு ஊரில் பேசிவைத்த பெண் இருந்தாள். எமில்டா. கிறிஸ்தவப் பெண். வேதக்காரப் பெட்டை என்று வீட்டில் சண்டை நடந்து, கடைசியில் எல்லாரும் சம்மதித்த பிறகுதான் இவர் புறப்பட்டார்.

"அவளுக்கும் நான் அடுத்த வருசம் கூப்பிடுறன் எண்டுதான் சொன்னனான். பொய்யெண்டு நினைச்சுச் சொல்லேல்லைப் பிள்ளை. ஒவ்வொரு வருசமும் மெய்யெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். அவள் ஒன்பது வருசம் பாத்திட்டு வேற ஆளைக் கட்டிப்போட்டாள்."

நான் அன்றைக்கே லெய்டனுக்கு எடுத்தேன். ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. "இஞ்சேரப்பா, பிள்ளை வெளிக்கிடுறாள். பிறந்தநாளுக்கு நீங்கள் இஞ்ச வந்து நிண்டா அவள் போகமாட்டாள். ஒருக்கா வாங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றேன். இருபது வருடக் கலியாணத்தில் அவரைக் கும்பிட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம், வாறன்" என்றார். இந்த முறை அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்றார்.

வெள்ளிக்கிழமை, அவளுடைய பிறந்தநாள், கணவாய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் புட்டும் வைத்தேன். கேக் வாங்கினேன். அவருடைய தலையணைக்குப் புது உறை போட்டேன். வேலிக்கு அப்பால் நின்ற லலிதா, "என்ன, வாசனை தூக்குது! சார் வந்துட்டாரா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். "அப்பாடா, இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றாள் அவள், மனதாரத்தான்.

பின்னேரம் தொலைபேசி வந்தது. ஏப்ரல் மாதம், பூக்கள் பூக்கிற காலம், பண்ணையில் லீவு தரவில்லை என்றார். "யோசியாதையும். அடுத்த மாதம் கட்டாயம்."

நான் ரிசீவரை வைத்துவிட்டுப் புட்டைப் பார்த்தபடி நின்றேன். கோசிகா கேக்கை வெட்டாமல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா வரமாட்டார் அம்மா."

"வேலையில லீவு குடுக்கேல்லை எண்டெல்லோ..."

"லீவு கேட்டிருக்கமாட்டார். அப்பாக்குத் தோட்டம் கிடைச்சிட்டுது."

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாக விளங்கப்படுத்தினாள். லெய்டனில் ஊர் எல்லையில் கால்வாய்க் கரையோரமாகச் சின்னச் சின்னத் தோட்டத்துண்டுகளைக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நகரத்தில் குடியிருப்பவருக்கு மட்டும்தான். என் கணவர் பதிந்துவைத்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை. போன மாரிக்கு முன் அவருடைய முறை வந்துவிட்டது. பெப்ரவரி விடுமுறைக்குக் கோசிகா தகப்பனிடம் போனபோது இரண்டு பேருமாகக் குழி வெட்டி நட்டார்களாம்.

"என்னத்தை நட்டது?" என்று கேட்டேன். மிளகாய், தக்காளி என்று சொல்லிவிடு பிள்ளை என்று மனம் கெஞ்சியது. ஒரு கோடையில் முடிந்துபோகிற எதையாவது சொல்லிவிடு.

"பேரிக்காய் மரம். ஆறு கண்டு."

"எப்ப காய்க்கும்?"

"நாலஞ்சு வருசம் செல்லுமாம்."

அடுத்த மாதம் வருகிற மனுசன் பேரிக்காய் மரம் நடுவானா? நான் அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். பிள்ளை டச்சுக்காரியாகிவிடுவாள் என்று பயந்து ஓடிவந்தேனே! மத்தியானம் பன்னிரண்டுக்குப் பாணுக்குள் சீஸை வைத்துச் சாப்பிட்டவர் யார்? கோப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கற் எடுத்துவிட்டு டின்னை மூடியவர் யார்? கொட்டுகிற மழையில் சைக்கிளில் போய் வந்து, நல்ல காற்று என்று சிரித்தவர் யார்? எல்லாவற்றையும் பார்த்துப் பகிடி பண்ணினேனே தவிர, டச்சுக்காரனாகிக்கொண்டிருந்தது என் கணவர்தான் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர் என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மெய்யென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார், அண்ணை எமில்டாவுக்குச் சொன்னது மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏமாற்றியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"அந்தப் பாதிரியார்?" என்று கேட்டேன்.

கோசிகா என் பக்கத்தில் வந்து இருந்தாள். "வரேல்லை அம்மா. லெய்டனிலேயே செத்துப்போனார்."

அடுத்த நாள் நான் செய்ததைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். சொல்லுங்கள். அவள் குளிக்கப் போன நேரம் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டேன். அவள் வந்து பெட்டியைக் கிளறினாள், கட்டிலுக்குக் கீழே தேடினாள், பிறகு என் முகத்தைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினாள். கத்தவில்லை.

"அப்பா அந்த அறையில தனியச் சாப்பிடுறார் அம்மா. ரேடியோவைப் போட்டு வச்சிட்டுச் சாப்பிடுறார்."

"நான் மட்டும் கூட்டத்தோடயோ சாப்பிடப்போறன்?"

"நீங்களும் வாங்கோ."

வாங்கோவாம்! வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இருந்த வேலையை விட்டாயிற்று. கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் வேலிக்கு மேலாலும் சொன்ன கதையெல்லாம் என்ன ஆவது? இந்தச் சிவனேஸ்வரி புருஷனைக் கூப்பிடப் போய்த் தானே திரும்பிப் போய்விட்டாள் என்று சிரிக்கமாட்டார்களா? நான் எழுந்து அரிசிக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தேன். ஒட்டியிருந்த தவிட்டை என் சேலையில் துடைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை விக்டோரியா கோச் நிலையத்துக்கு நானும் போனேன். கோச் வந்து நின்றது. சாரதி பெட்டிகளை ஏற்றினான். கோசிகா என்னைக் கட்டிப்பிடித்தாள். என் உயரத்தைவிட எப்போது வளர்ந்தாள்?

"கட்டுரையில என்ன எழுதி முடிச்சனி?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்டாலும் அழுதுவிடுவேன்.

"அண்டைக்குச் சொன்னதுதான். ஆர் வந்தது, ஆரோட வந்தது, என்னத்தை நட்டது. ஆர் வரேல்லை எண்டதையும் சேர்த்து எழுதினனான்" என்றாள்.

அவள் ஏறி ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சாரதி என்னைப் பார்த்து, நீங்களும் வருகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். என் கைப்பையில் என்னுடைய பாஸ்போர்ட்டும் இருந்தது. காலையில் ஏன் எடுத்து வைத்தேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கையை உள்ளே விட்டு அதைத் தொட்டுப்பார்த்தேன். கப்பல் திரும்பியபோது ஒருவரும் ஏறவில்லை என்று நான்தானே பெருமையடித்தேன். அவர்கள் ஏறாமல் நின்றது வீரத்திலா, திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது என்ற வெட்கத்திலா என்று அந்தப் புத்தகங்களில் எழுதியிருக்குமா?

இல்லை என்று தலையாட்டினேன். கதவு மூடியது.

மோர்டன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. என் கணவர்.

"பிள்ளை ஏறிட்டாளோ?"

"ஓம்."

"நீர் அழாதையும். இஞ்ச பாரும், அவள் இஞ்ச கொஞ்ச நாள் நிக்கட்டும். அடுத்த மாதம் ரெண்டு பேருமா வாறம்."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. மெய்யென்று நினைத்துத்தான் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வேலிக்குப் பக்கத்தில் லலிதா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "சார் வரலையா?" என்று கேட்டாள்.

"அடுத்த மாதம்" என்றேன். "இப்ப ரெண்டு பேர் வருகினம்."